களவெடுத்தும் கள்வராகாதவர்கள்

2008ஆம் ஆண்டு ஜூலை மாதம். உறவினர் திருமணம் ஒன்றுக்காகக் கொழும்பிலிருந்து கனடா சென்றிருந்தேன். திருமணம் முடிந்த மறுவாரம் ஸ்காபரோவில் உள்ள பூங்கா ஒன்றில் ஊரவர்களின் ஒன்றுகூடல் நடைபெற்றது. ஒரு பக்கத்தில் பெரியவர்கள் கோழி இறைச்சியை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் இளையவர்கள் சொஃப்ட்போல் ஆடுவதற்கு ஆயத்தமானார்கள். “மாமாவும் வாங்கோ, ஒராள் குறையுது” என்று என் அக்காவின் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பாடசாலை அணிக்காக ஆடுபவள்.

நம் நாட்டில் சொஃப்ட்போல் என்றால் ரென்னிஸ் பந்தில் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட்தான். அமெரிக்கர்களும் கனடியர்களும் அந்தப் பெயரில் ஆடுவது பேஸ்போலின் தம்பி முறையான வேறோர் ஆட்டம். நமது எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. பந்தை அடித்துவிட்டு, சாய்சதுரமாக அமைந்த தளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். அந்தப் புறப்படும் இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வீடு’. வீடு வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம்.

எப்படியோ பந்தை அடித்து முதல் தளத்தை அடைந்துவிட்டேன். அங்கு நின்றபோது எனக்கொரு யோசனை வந்தது. தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். எறிபவர் பந்தை எறியும் வேளையில், அடி எதுவும் விழாமலே, ஓட்டக்காரர் அடுத்த தளத்துக்குப் பாய்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் அதைத் தளத்தைக் களவெடுத்தல் என்பார்கள். அடுத்த பந்து எறியப்பட்டதும் நானும் பாய்ந்தேன். நாற்பதைத் தாண்டிய உடம்பு பாதி வழியில் ஓட்டத்தை நிறுத்தி உருளத் தொடங்கியது. ஆனாலும் இரண்டாம் தளத்தை அடைந்து, முழங்காலில் புல்லும் புழுதியுமாக எழுந்து, வெற்றி வீரனைப்போல் நின்றேன். மைதானம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது.

“மாமா, இது மெதுவாப் பந்தெறியிற ஆட்டம். இதில களவெடுக்கேலாது. நீங்கள் அவுட்” என்றாள் மருமகள்.

களவு தெரியாமல் நான் அகப்பட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் இதே களவினால் இன்னோர் இடத்திலும் ஆட்டமிழந்திருக்கிறேன்.

தலைப்பில் வரக்கூடாத சொல்

1991 மே 2ஆம் திகதி இரவு. கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஆசிரிய பீடத்தில் பயிலுநராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கலைப்பட்டம் பெற்ற மிடுக்கு இன்னும் இறங்காத காலம். ரெலிபிரின்ரர் கக்கும் ஆங்கிலச் செய்திகளைக் கிழித்தெடுத்து, விளையாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது எனக்கு இடப்பட்டிருந்த பணி. அமெரிக்காவின் ஓக்லண்ட் அணி வீரர் ரிக்கி ஹென்டர்சன், மே 1ஆம் திகதி நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மூன்றாம் தளத்தைக் களவெடுத்து, லூ புரொக் என்பவரின் 938 என்ற சாதனையை முறியடித்தார் என்பது செய்தி. அது அவருடைய 939ஆவது களவு. சாதனை நிகழ்ந்ததும் அந்தத் தளத்தை நிலத்திலிருந்து பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ‘தளத்தைத் திருடி உலக சாதனை’ என்று தலைப்பிட்டுச் செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன்.

அவர் முதலில் சிரித்தார். “தம்பி, இந்தாளைப் பொலிஸ் பிடிச்சதோ இல்லையோ? அதை எழுதேல்லையே?” என்று கேட்டார். பின்னர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “தளம் எண்ட சொல்லைத் தலைப்பில போடாதையும். காலமை கடையில பேப்பரைப் பாக்கிற சனம் அந்தச் சொல்லைக் கண்டவுடன நெஞ்சில கைவைக்கும்” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் கொக்காவில், மாங்குளம் என்று இராணுவ முகாம்களின் பெயர்களே தலைப்புகளாக வந்துகொண்டிருந்தன. தளம் என்ற சொல்லை விளையாட்டுக்குப் பயன்படுத்தும் வசதி அன்று நமது மொழிக்கு இருக்கவில்லை.

செய்தி ஆசிரியர் பழைய இலக்கியங்களில் ஊறியவர். “வெட்சித் திணை படிச்சனீர்தானே? ஆநிரையைத் திருடினான் எண்டோ சொல்லுறது? கவர்ந்தான் எண்டுதானே சொல்லுறது. பூவும் சூடிக்கொண்டு போய்க் கவர்ந்தவன் கள்ளனில்லை” என்றார். மறுநாள் ‘கவர்வதில் ஹென்டர்சன் புதிய சாதனை’ என்று ஒரு பத்தியில் அச்செய்தி வெளிவந்தது. எதைக் கவர்ந்தார் என்று தலைப்பில் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் செய்தி ஆசிரியர் எனக்குக் கற்பித்த பாடம் பெரியது. விதியறிந்து, எல்லோரும் பார்த்திருக்க, அகப்பட்டால் தண்டனை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு எடுப்பது வேறு. மறைந்திருந்து எடுப்பது வேறு. சொஃப்ட்போல், பேஸ்போல் ஆகிய இரண்டு ஆட்டங்களினதும் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தபோது, இந்த வேறுபாட்டை வரையறுப்பதற்கு அந்நாட்டவர்கள் பட்ட பாடே ஒரு தனி வரலாறு என்பதைக் கண்டேன்.

செய்தியாளர் பெற்ற பிள்ளை

சொஃப்ட்போலின் பிறப்பே ஒரு நகைச்சுவைதான். 1887 நவம்பர் 24, அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள். சிக்காகோ நகரில் ஃபரகட் படகுக் கழகத்தில், யேல் மற்றும் ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான காற்பந்தாட்டத்தின் முடிவு தந்தி மூலம் வந்துசேரக் காத்திருந்தார்கள். யேல் வென்றது என்ற செய்தி வந்ததும் உற்சாகம் மிகுந்த ஒருவர் அங்கு கிடந்த குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை எதிரணி ஆதரவாளர் மீது எறிந்தார். அவர் ஒரு தடியால் அதைத் திருப்பி அடித்தார். அருகில் நின்ற ஜோர்ஜ் ஹான்கொக் என்பவர் அந்தக் கையுறையை உருண்டையாகக் கட்டி, தரையில் வெண்கட்டியால் கோடுகள் கீறி, மண்டபத்துக்குள்ளேயே ஓர் ஆட்டத்தைத் தொடக்கிவைத்தார். அன்றைய ஆட்டம் 41–40 என்ற கணக்கில் முடிந்ததாகச் சொல்வார்கள்.

ஹான்கொக் யார் தெரியுமா? சிக்காகோ வர்த்தகச் சபையின் செய்தியாளர். எங்கள் சாதிதான்.

குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் ஆடிய இந்த ஆட்டம் பின்னர் வெளியே வந்தது. 1895இல் மினியாபொலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், தீ எரியாத நேரங்களில் தம் தோழர்கள் சோம்பியிருக்கக் கூடாது என்பதற்காகத் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்து வெறுங்காணியில் இதைப் போன்றதோர் ஆட்டத்தை ஆடவைத்தார். அவருடைய அணியின் பெயர் பூனைக்குட்டிகள். அதனால் ஆட்டத்துக்கும் பூனைக்குட்டிப் பந்து என்ற பெயர் வந்தது. வேறு ஊர்களில் பூசணிப் பந்து, கூழ்ப் பந்து, வைரப் பந்து என்றெல்லாம் அழைத்தார்கள். சொஃப்ட்போல் என்ற பெயரை வோல்ட்டர் ஹகன்சன் என்பவர் முன்மொழிந்தது 1926இல்தான். 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி முதலாவது பெரிய சுற்றுப்போட்டியை நடத்தி, அதே ஆண்டு உருவான தேசியச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர் லியோ ஃபிஷர். அவரும் சிக்காகோப் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுச் செய்தியாளர்.

இன்னொருவரையும் விட்டுவிடக்கூடாது. சிக்காகோவில் இன்றும் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கையுறையின்றி வெறுங்கையால் பிடித்து ஆடுவார்கள். 1977இல் நகரப் பூங்கா நிர்வாகம் கையுறைக்கு அனுமதி வழங்கியபோது, அது மரபுக்கு இழுக்கு என்று நீதிமன்றம் சென்றார் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர் மைக் ரொய்கோ. 1972இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். வழக்கிலும் வென்றார். பத்திரிகையாளர்கள் பிறர் சண்டையை எழுதுவது வழக்கம். சொஃப்ட்போல் விடயத்தில் தாங்களே இறங்கிச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

சிரிப்பும் சட்டமும்

இனிக் களவுக்கு வருவோம். பேஸ்போலில் ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்கு 90 அடி தூரம். பந்தைப் பிடிப்பவர் வீட்டுத் தளத்துக்குப் பின்னால் குந்தியிருப்பார். அங்கிருந்து இரண்டாம் தளத்துக்கு அவர் எறியவேண்டிய தூரம் ஏறத்தாழ 127 அடி. பந்து எறியப்பட்டு, பிடிக்கப்பட்டு, இரண்டாம் தளத்துக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்றரை வினாடி ஆகும். ஓட்டக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

1860களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த எடி கத்பேர்ட் என்ற வீரர் முதன்முதலில் இவ்வாறு ஓடியபோது பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றும், இதைத் தடுக்கும் விதி எங்கே என்று அவர் கேட்டபோது நடுவரிடம் பதில் இருக்கவில்லை என்றும் அங்கே ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், விதி பின்னர்தான் வந்தது. 1886இல் களவுகள் கணக்கில் எழுதப்படத் தொடங்கின. இன்று வழங்கும் வரைவிலக்கணம் 1898இல் உருவானது.

விதி எழுதுபவர்களுக்கு மிகுந்த தலையிடி கொடுத்தவர் ஜேர்மனி ஷேஃபர் என்ற கோமாளி வீரர். 1911 ஓகஸ்ட் 4ஆம் திகதி வொஷிங்டன் அணிக்கும் சிக்காகோ வைற் சொக்ஸ் அணிக்கும் ஆட்டம். ஷேஃபர் முதல் தளத்தில். சக வீரர் கிளைட் மிலன் மூன்றாம் தளத்தில். ஷேஃபர் இரண்டாம் தளத்துக்கு ஓடினார். தம்மைப் பிடிக்கப் பந்தை எறிவார்கள், அந்த இடைவெளியில் மிலன் வீட்டுக்கு ஓடிவிடுவார் என்பது திட்டம். எதிரணி ஏமாறவில்லை. பந்தை எறியவே இல்லை. ஷேஃபர் என்ன செய்தார்? அடுத்த பந்துக்கு இரண்டாம் தளத்திலிருந்து முதல் தளத்துக்குத் திரும்பி ஓடினார். மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதற்காக! எதிரணி முகாமையாளர் ஹியூ டஃபி கோபத்துடன் மைதானத்துக்குள் வந்து வாதாடினார். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே ஷேஃபர் மறுபடி இரண்டாம் தளத்தை நோக்கிக் கிளம்பினார். அந்தக் குழப்பத்தில் வீட்டுக்கு ஓடிய மிலன் அகப்பட்டு ஆட்டமிழந்தார்.

இன்று தளங்களைப் பின்னோக்கிக் களவெடுக்க முடியாது. எதிரணியைக் குழப்புவதற்காகவோ ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்குவதற்காகவோ தளங்களைத் தலைகீழ் வரிசையில் ஓடுபவர் ஆட்டமிழப்பார் என்று 1920இல் விதி வந்தது. ஒரு மனிதனின் குறும்பு ஒரு சட்டமாயிற்று.

எல்லாக் களவும் இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. 1926 ஒக்டோபர் 10ஆம் திகதி உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டம். யாங்கீஸ் அணி 2–3 என்று ஓர் ஓட்டத்தால் பின்தங்கியிருந்தது. இறுதிச் சுற்றில் இருவர் ஆட்டமிழந்த நிலையில், முதல் தளத்தில் நின்றவர் பேப் ரூத். அமெரிக்காவே கொண்டாடிய அடிவீரர். பந்தை அடிக்க பொப் மியூசல் நின்றார். அவருக்கு அடுத்ததாக லூ கெரிக் காத்திருந்தார். ரூத் பேசாமல் நின்றிருந்தாலே போதும். ஆனால் அவர் இரண்டாம் தளத்தைக் களவெடுக்க ஓடினார். சென் லூயிஸ் அணியின் பொப் ஓஃபரெல் எறிந்த பந்து, ரூத்துக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்தது. தொடர் முடிந்தது. பெரிய மனிதர்களின் பெரிய பிழைகள் எவ்வளவு சிறிய நேரத்தில் நடந்துவிடுகின்றன!

களவைத் தடுப்பதற்கும் குறுக்கு வழிகள் இருந்தன. 1962இல் மோரி வில்ஸ் என்ற லொஸ் ஏஞ்சலிஸ் வீரர் ஒரே பருவத்தில் 104 தளங்களைக் கவர்ந்தார். அவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆட வந்தபோது மைதானப் பராமரிப்பாளர்கள் முதல் தளத்தைச் சுற்றியிருந்த மண்ணைத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வைத்திருந்தார்கள். நடுவர்கள் தலையிட வேண்டியதாயிற்று. மழையில்லாத ஊரில் வயல் விதைக்கப் பார்த்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வாய் பேசாத இடத்தில்

இந்தக் களவு சிலருக்கு விளையாட்டுக்கு அப்பாலும் பொருள் கொண்டிருந்தது. 1947 ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்ளின் அணிக்காக ஆடத் தொடங்கிய ஜக்கி ரொபின்சன், அந்த நூற்றாண்டில் பெரும் லீக் போட்டிகளில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். 1944இல் இராணுவத்தில் இருந்தபோது, பஸ்ஸின் பின்பக்கம் போய் அமர மறுத்ததற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். அவரைச் சேர்த்துக்கொண்ட நிர்வாகி பிராஞ் ரிக்கி ஒரு நிபந்தனை விதித்திருந்தார். யார் வைதாலும், யார் துப்பினாலும் திருப்பி ஒன்றும் சொல்லக்கூடாது என்பது அது. முதல் ஆண்டு முழுவதும் ரொபின்சன் வாயை மூடிக்கொண்டிருந்தார். கால்கள் பேசின. 29 தளங்களைக் கவர்ந்து அந்த லீக்கில் முதலிடம் பெற்றார்.

1955 செப்டம்பர் 28ஆம் திகதி உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், 36 வயதான ரொபின்சன் மூன்றாம் தளத்திலிருந்து வீட்டுத் தளத்தையே களவெடுத்தார். பந்தைக் கையில் வைத்திருப்பவரை நோக்கியே ஓடுவது அது. களவுகளிலெல்லாம் கடினமானது. பந்தைப் பிடித்த யோகி பேரா, ரொபின்சன் ஆட்டமிழந்துவிட்டார் என்று 2015இல் தாம் இறக்கும்வரை வாதாடிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் புரூக்ளின் தோற்றது. தொடரை வென்றது.

பாவாடையுடன் ஒரு களவரசி

ஆண்களின் கதைகளை இதுவரை சொன்னேன். ஒரே பருவத்தில் அதிகத் தளங்களைக் கவர்ந்தவர் ஆணல்லர்.

இரண்டாம் உலகப் போரில் ஆண் வீரர்கள் படையில் சேர்ந்துகொண்டிருந்தபோது, மைதானங்கள் வெறிச்சோடக் கூடாது என்று 1943இல் மகளிர் லீக் ஒன்றைத் தொடங்கினார் சுவிங்கம் வியாபாரி பிலிப் ரிக்லி. தொடக்கத்தில் அதன் பெயரே மகளிர் சொஃப்ட்போல் லீக் என்பதுதான். சொஃப்ட்போலின் பெரிய பந்து, கையைத் தாழ்த்தி எறியும் முறை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பேஸ்போலின் களவையும் அதனுடன் சேர்த்தார்கள். விளையாட்டில் இந்தச் சுதந்திரம். ஆனால் மைதானத்துக்கு வெளியே கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. உதட்டுச் சாயம் பூசவேண்டும். தலைமயிரைக் கட்டையாக வெட்டக்கூடாது. நடை, உடை, பேச்சுப் பழக வகுப்புகள். காவலுக்கு ஒரு மாது. ஆடும்போதும் முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடைதான் சீருடை.

பாவாடையுடன் மண்ணில் சறுக்கித் தளத்தைத் தொடுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தொடைத்தோல் உரிந்து இரத்தம் கசியும். அந்தக் காயங்களுக்கு ஸ்ட்ரோபெரிப் பழங்கள் என்று அவர்களே பெயர் வைத்துச் சிரித்தார்கள். மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ற் நகரில் சொஃப்ட்போல் ஆடி வளர்ந்த சோஃபி குரிஸ் என்ற பெண், ரசீன் அணிக்காக 1946இல் 203 தடவை களவுக்கு முயன்று 201 தடவை வென்றார். இரண்டு தடவைதான் அகப்பட்டார். அவ்வாண்டின் இறுதிப்போட்டி, ஓட்டம் எதுவும் பெறப்படாமல் பதினான்காவது சுற்றுவரை நீண்டது. குரிஸ் இரண்டாம் தளத்தைக் கவர்ந்தார். சக வீராங்கனை பெற்றி ட்ரெஸா அடித்த அடியில் வீடு நோக்கிச் சறுக்கி வந்து சேர்ந்தார். 1–0. கிண்ணம் ரசீனுக்கு.

அந்த லீக் 1954இல் மூடப்பட்டது. கூப்பர்ஸ்ரவுன் அருங்காட்சியகத்தில் அந்தப் பெண்களுக்கு ஓர் இடம் கிடைத்தது 1988இல்தான். குரிஸ் 2013இல் காலமானார்.

வெளிச்சத்தில் எடுப்பதும் இருட்டில் எடுப்பதும்

செய்தி ஆசிரியர் சொன்ன வேறுபாட்டுக்கு அண்மைக் காலத்தில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. பந்தைப் பிடிப்பவர் எறிபவருக்கு விரல்களால் சைகை காட்டுவார். அடுத்து எவ்வகைப் பந்து என்பது அதில் இருக்கும். 2017இல் ஹூஸ்ரன் அணியினர் கமரா வைத்து அந்தச் சைகைகளைப் பார்த்து, குப்பைத் தொட்டியில் தட்டி ஒலியெழுப்பித் தங்கள் அடிவீரருக்கு அறிவித்தார்கள். அவ்வாண்டு உலகத் தொடரையும் வென்றார்கள். 2020 ஜனவரியில் அணிக்கு 50 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. முகாமையாளரும் பொது முகாமையாளரும் ஓராண்டு இடைநிறுத்தப்பட்டனர். தளத்தைக் கவர்ந்தவனுக்குக் கைதட்டல். சைகையைக் கமராவால் கவர்ந்தவனுக்குத் தண்டனை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்.

அதேவேளை வெளிச்சக் களவு இல்லாமல் ஆட்டம் சுவைக்காது என்பதையும் அவர்கள் உணர்ந்தார்கள். 2023இல் தளங்களின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கினார்கள். ஓட்டக்காரரை மிரட்டுவதற்காக எறிபவர் பந்தை அவர் பக்கம் எறிவதற்கும் வரம்பு வைத்தார்கள். 2022இல் 2,486 ஆக இருந்த களவுகள் 2023இல் 3,503 ஆக உயர்ந்தன.

சொஃப்ட்போலில் களவின் விதி இன்னும் இறுக்கமானது. தளங்களுக்கிடையே 60 அடிதான். பேஸ்போல் ஓட்டக்காரர் தளத்தை விட்டுச் சில அடிகள் முன்னே வந்து நிற்கலாம். வேகப் பந்து சொஃப்ட்போலில் அது கூடாது. எறிபவரின் கையை விட்டுப் பந்து நீங்கும்வரை காலொன்று தளத்தில் இருக்க வேண்டும். இமைப்பொழுது முந்தினாலும் ஆட்டமிழப்பு. மெதுவாகப் பந்தெறியும் ஆட்டங்களில் வழக்கமாகக் களவுக்கே இடமில்லை. என் முழங்கால் அறிந்த விதி அது.

ரிக்கி ஹென்டர்சனைப் பற்றி அன்று நான் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லவேண்டும். 2024 டிசம்பர் 20ஆம் திகதி காலமான அவருடைய மொத்தக் களவுகள் 1,406. எவரும் அதை நெருங்கவில்லை. அகப்பட்ட கணக்கிலும் அவரே முதல்வர். 335 தடவை. 1982இல் 130 தளங்களைக் கவர்ந்த அதே பருவத்தில் 42 தடவை அகப்பட்டார். அதுவும் சாதனைதான். சாதனையாளர்களைப் பற்றி எழுதும்போது முதல் கணக்கை எழுதி இரண்டாவதை விட்டுவிடும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. வெற்றிகளை எண்ணிய அளவுக்கு நாம் வீழ்ந்தவற்றை எண்ணவில்லை.

கொடுக்கப்பட்ட தளங்கள்

ஸ்காபரோப் பூங்காவில் அன்று நான் ஆட்டமிழந்து வந்து அமர்ந்தபோது, அக்கா பேணியில் தேநீர் கொண்டுவந்து தந்தாள். ஆட்டத்தின் விதிகளை மகளிடம் கேட்டு அறிந்து வைத்திருந்தாள்.

“தளத்தில கால் இருக்குமட்டும் பயமில்லை. இடையில நிண்டால்தான் ஆபத்து. நாங்கள் நாவற்குழிப் பாலத்தில நிண்ட மாதிரி” என்றாள் வெகு சாதாரணமாக.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களில் அக்காவும் ஒருத்தி. அப்போது மூன்று வயதாக இருந்த மகள் அவள் தோளில் இருந்தாள். நான் கொழும்பில் ஆசிரிய பீடத்தில் இருந்து, அந்தப் பாலத்தில் நெரிந்த மக்களைப் பற்றித் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஓடினாள். நான் நின்றேன். யார் செய்தது சரி என்று நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை.

மருமகள் வந்து பக்கத்தில் அமர்ந்து, அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னாள். வொஷிங்டன் மாநிலத்தில் இரு பல்கலைக்கழக மகளிர் அணிகளுக்கிடையிலான சொஃப்ட்போல் ஆட்டம். வெஸ்ரேர்ன் ஓரிகன் அணியின் சாரா டுகோல்ஸ்கி தம் வாழ்நாளின் முதல் ஹோம் ரன்னை அடித்தார். பந்து வேலிக்கு வெளியே போய்விட்டது. மகிழ்ச்சியில் முதல் தளத்தைத் தொடாமல் தாண்டிவிட்டார். திரும்பித் தொட முனைந்தபோது முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். சக வீராங்கனைகள் உதவினால் அவர் ஆட்டமிழப்பார். ஓட முடியாவிட்டால் ஹோம் ரன் கணக்கில் வராது என்றார்கள் நடுவர்கள். அப்போது எதிரணியான சென்ட்ரல் வொஷிங்டனின் மல்லரி ஹோல்ட்மன், “நாங்கள் தூக்கிச் செல்லலாமா?” என்று கேட்டார். தடையில்லை என்று பதில் வந்தது. அவரும் லிஸ் வொலஸும் சாராவைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் அவருடைய நலமான காலைத் தாழ்த்தித் தொடவைத்து, வீடுவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். 4–2 என்று அவர்கள் அணி தோற்றது.

“களவெடுக்கவும் விதி இருக்கு. குடுக்கவும் விதியில இடமிருக்கு, மாமா” என்றாள் மருமகள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தில் அவளுடைய பையை வாங்கிச் சுமந்து வந்த முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி அவள் முன்னர் எனக்கு எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் என்று அந்தக் கடிதத்தில் வருந்தியிருந்தாள்.

மருமகள் இப்போது முப்பதுகளில் இருக்கிறாள். வார இறுதிகளில் சிறுமிகளுக்கு சொஃப்ட்போல் பழக்குகிறாள். ஹென்டர்சன் காலமான செய்தி வந்த வாரம் தொலைபேசியில் பேசியபோது, களவெடுப்பதை எப்படிக் கற்பிப்பாய் என்று கேட்டேன்.

“முதல்ல விழப் பழக்குவன், மாமா. காயப்படாமல் விழத் தெரிஞ்சால் பிள்ளையள் தாங்களாவே ஓடுவினம்” என்றாள். பிறகு, “உங்கட முழங்கால் இப்ப எப்பிடி?” என்று விசாரித்தாள்.

மழைக்காலத்தில் மட்டும் நோகும் என்று சொன்னேன்.